குரைக்கும் நாய்க்குத் தின்பண்டம் கொடுத்தால் குரைப்பு வளருமா?

பிறகு இந்தப் பக்கத்துக்கு வருபவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால், நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறீர்கள். நான்கு மாதக் குட்டியாகத் தெருவிலிருந்து எடுத்து வந்த நாட்டு நாய் வீராவுக்கு இப்போது இரண்டு வயது. காலிங் பெல் அடித்ததும் கதவுக்குப் பாய்ந்து குரைக்கிறான். சிலிண்டர் போடுபவர், சாப்பாடு கொண்டு வருபவர் என்று யாரையும் விடுவதில்லை. தெரிந்த உறவினர் வந்தாலோ மேலே தாவி விழுகிறான். தெருவில் இறங்கினால் வேறு நாயையோ வேகமாகப் போகும் பைக்கையோ கண்டு லீஷை இழுத்துக்கொண்டு பாய்கிறான். அப்படிப் பாய்ந்தபோது பிடித்து நிறுத்திய உங்கள் கையை ஒரு முறை திரும்பிக் கவ்வியும் இருக்கிறான். ஒரு பயிற்சியாளர், இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலியான சோக் செயினைப் போட்டு, நீங்கள்தான் தலைவர் என்று காட்டச் சொல்கிறார். உங்கள் அப்பா, குரைக்கிற நாய்க்குத் தீனி போடுவது லஞ்சம், அது குரைப்பை வளர்க்கத்தான் செய்யும் என்கிறார். அடிக்காமல், வீட்டிலேயே இவனைப் பழக்க முடியுமா என்பது உங்கள் கேள்வி. உண்மையில் பதில் தேவைப்படுவது அப்பாவின் ஐயத்துக்குத்தான் என்று நினைக்கிறேன். அது தெளிந்துவிட்டால் மற்றவை எல்லாம் செய்முறையும் பொறுமையும்தான்.

நான் கால்நடை மருத்துவம் படித்தவன்; பல ஆண்டுகளாக நாய்களின் நடத்தைச் சிக்கல்களைப் பயிற்சியாளர்களோடு சேர்ந்து பார்த்து வருகிறேன். ஆனால் வீராவை நான் பார்த்ததில்லை. எழுத்தில் வந்த விவரத்தை வைத்து எந்த நாயும் கடிக்காது என்று யாரும் உறுதி தர முடியாது, நானும் தரவில்லை. பெரும்பாலான நாய்களுக்குப் பொருந்துபவற்றைத்தான் கீழே சொல்கிறேன். எது நிரூபணமானது, எது அனுபவத்தில் மட்டும் கண்டது, எது இன்னும் ஐயத்துக்குரியது என்பதையும் அங்கங்கே குறித்துவிடுகிறேன்.

பயிற்சிக்கு முன்னால் ஒரு மருத்துவப் பரிசோதனை தேவை. இதைச் சடங்குக்காகச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் மில்ஸும் பிற நாடுகளின் நிபுணர்களும் 2020-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், நடத்தைச் சிக்கலுக்காகத் தங்களிடம் அனுப்பப்பட்ட விலங்குகளில் குறைத்து மதிப்பிட்டாலும் மூன்றில் ஒரு பங்குக்கு ஏதோ ஒரு வலி சம்பந்தப்பட்டிருந்ததாக எழுதியிருக்கிறார்கள். காதில் சீழ், இடுப்பு மூட்டுக் கோளாறு, பல்வலி, தீராத தோல் அரிப்பு ஆகியவை எல்லாம் நாயின் பொறுமையைக் குறைக்கும். நேற்று வரை சும்மா இருந்த நாய் திடீரென்று சீறத் தொடங்கினாலோ, குறிப்பிட்ட இடத்தில் தொட்டால் மட்டும் உறுமினாலோ, மாடிப்படி ஏறத் தயங்கினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னையில் இருப்பதால் வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே கூட்டம் இருக்கும், பிற நாய்களும் இருக்கும். வீரா போன்ற நாயை வரிசையில் நிற்க வைக்காமல், உங்கள் முறை வரும் வரை ஒருவர் அவனோடு வெளியே தள்ளி நிற்பது நல்லது.

இனி, கதவடியிலும் தெருவிலும் நடப்பது என்ன என்று பார்க்கலாம். வேறு நாயைக் கண்டு பாயும் நாய்களில் பெரும்பாலானவை இரண்டு வகையில் ஒன்றாக இருக்கும். ஒரு வகை அஞ்சுவது. எதிரே உள்ளது விலகிப் போக வேண்டும் என்பதற்காகக் குரைப்பது. மற்றது ஆசைப்படுவது, அருகே போய் மோப்பம் பிடிக்க முடியாமல் லீஷ் தடுப்பதால் பொறுமை இழந்து கத்துவது. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஒரே நாயிடம் இரண்டும் கலந்தும் இருக்கும். பாய்வதற்கு முந்தைய சில நொடிகளைக் கவனித்தால்தான் வேறுபாடு தெரியும். அஞ்சும் நாய் உதட்டை நக்கும், வாயை மூடிக்கொண்டு உறைந்து நிற்கும், உடலின் எடையைப் பின்னங்கால்களில் வைக்கும், முகத்தைத் திருப்பியபடி கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். ஆசைப்படும் நாயின் உடல் தளர்வாக வளையும், முனகும், எதிர் நாய் விலகிப் போனால் ஏமாற்றத்தோடு பின்னாலேயே இழுக்கும். வாலாட்டினால் நட்பு என்று எண்ணிவிடாதீர்கள். உயரத் தூக்கிய வால் விறைப்பாக வேகமாக அசைந்தால் அது பதற்றம். முதுகு மயிர் சிலிர்ப்பதும் கோபத்தின் அடையாளம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கிளர்ச்சி எதுவானாலும் மயிர் சிலிர்க்கும்.

வீராவின் வரலாற்றில் ஒரு விவரம் கவனிக்கத்தக்கது. குட்டியின் மூளை புதிய மனிதர்களையும் பிற நாய்களையும் ஒலிகளையும் எளிதில் ஏற்றுக்கொள்ளும் பருவம் ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து 12 அல்லது 14-ஆவது வாரம் வரைதான். அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் நெடுங்காலம் ஆராய்ந்து 1965-இல் நூலாக வெளியிட்ட முடிவு இது. பின்வந்தவர்கள் எல்லைகளைச் சற்றே நகர்த்தினாலும் அடிப்படையை மறுக்கவில்லை. நீங்கள் வீராவை எடுக்கும்போது அந்தப் பருவம் முடிந்துவிட்டது. அதற்குள் தெருவில் அவனுக்கு என்ன நடந்தது, பைக் மோதியதா, பெரிய நாய் விரட்டியதா என்று யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட நாயை மாற்ற முடியாது என்று பொருள் இல்லை. ஆனால் எல்லாரையும் கொஞ்சும் நாயாக ஆக்குவதை இலக்காக வைக்காதீர்கள். தெருவில் வேறு நாயைக் கடந்து அமைதியாக நடந்தால் அதுவே போதுமான வெற்றி.

கதவடிக் குரைப்புக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிலிண்டர்காரர் வருகிறார், வீரா குரைக்கிறான், அவர் போய்விடுகிறார். அவர் எப்படியும் போகத்தான் போகிறார் என்பது நமக்குத் தெரியும். வீராவின் கணக்கில், குரைத்ததால் ஓடிப்போனார். நாள்தோறும் வெற்றி தரும் ஒரு வேலையை எந்த நாயும் விடாது. ஆகவே, நீங்கள் எதுவுமே கொடுக்காவிட்டாலும் குரைப்புக்கு ஏற்கெனவே கூலி கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது அப்பாவின் வாதத்துக்கு வருகிறேன். அதில் பாதி சரி. நாய் தன் விருப்பத்தோடு செய்யும் செயலைத் தொடர்ந்து நல்லது ஏதாவது வந்தால் அந்தச் செயல் பெருகும். நீங்கள் சாப்பிடும்போது எதிரே நின்று குரைக்கும் நாய்க்குத் தொல்லை தாங்காமல் ஒரு பிஸ்கட் போட்டால் நாளைக்கு இன்னும் உரக்கக் குரைக்கும். அந்த இடத்தில் அப்பா சொல்வதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அச்சமும் பதற்றமும் நாய் தேர்ந்தெடுத்துச் செய்யும் செயல்கள் அல்ல, அதற்கு நேர்பவை. பல்லியைக் கண்டு அலறும் பிள்ளையின் கையில் ஒரு முறுக்கைக் கொடுத்தால், நாளை முறுக்குக்காக அது புதிதாகப் பல்லிக்குப் பயப்படக் கற்றுக்கொள்வதில்லை. பவ்லோவின் நாய்கள், உணவுக்கு முன்னறிவிப்பாக வந்த ஒலியைக் கேட்டே உமிழ்நீர் சுரந்தன என்பதைப் பள்ளியில் படித்திருப்போம். அதே விதிதான் இங்கும் வேலை செய்கிறது: வேறு நாய் கண்ணில் பட்ட ஒவ்வொரு முறையும் வேகவைத்த கோழி வருகிறது என்றால், நாளடைவில் வேறு நாய் என்பது கோழிக்கு முன்னறிவிப்பாகிறது. மனநிலை மாறினால், அந்த மனநிலையிலிருந்து பிறந்த குரைப்பும் குறைகிறது.

இதில் பெரும்பாலானவர்கள் தவறவிடும் நுட்பம் வரிசை. முதலில் தூண்டும் பொருள் தெரிய வேண்டும், அதன் பிறகே உணவு வர வேண்டும். தூரத்தில் நாய் வருவதைப் பார்த்துவிட்டு, வீரா கவனிப்பதற்கு முன்பே அவசரமாகப் பையைத் திறந்து கோழியை மூக்கருகே நீட்டினால், சில நாட்களில் பை திறக்கும் ஓசையே "ஆபத்து வருகிறது" என்ற எச்சரிக்கையாகிவிடும். பிறகு கோழியைப் பார்த்தே நாய் சுற்றுமுற்றும் தேடத் தொடங்கும். உணவு பயன்படவில்லை என்று என்னிடம் வருபவர்களின் கதையைத் துருவினால், பெரும்பாலும் இந்த வரிசைப் பிழையோ, தூரம் போதாமையோதான் காரணமாக இருக்கும்.

சோக் செயின் பற்றி. "தலைவர் யார் என்று காட்டுவது" என்ற எண்ணத்தின் வேர்களில் ஒன்று, ருடால்ஃப் ஷென்கல் 1947-இல் வெளியிட்ட ஓநாய் ஆய்வு. அவர் பார்த்தவை ஸ்விட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில் ஒன்றாக அடைக்கப்பட்டிருந்த ஓநாய்கள். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பம்தான் என்று அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-இல் எழுதினார். முன்னர் அந்தத் தலைவர் கருத்தைப் பரப்பியதில் அவருக்கும் பங்கு உண்டு என்பதால் அவரது மறுப்புக்கு எடை கூடுகிறது. ஓநாய்க் கதை இருக்கட்டும், நடைமுறையில் என்ன நடக்கிறது? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மெகன் ஹெரானும் உடன் பணியாற்றியவர்களும் 2009-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், நடத்தைச் சிக்கலுள்ள நாய்களை அடித்தோ உதைத்தோ பார்த்த உரிமையாளர்களில் 43 விழுக்காட்டினர் நாய் எதிர்த்துத் தாக்க முற்பட்டதாகச் சொன்னார்கள். மல்லாத்திப் போட்டு அழுத்தியவர்களில் 31 விழுக்காட்டினர் அதையே சொன்னார்கள். போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்துச் செய்து 2020-இல் வெளியான ஆய்வில், தண்டனை கலந்து கற்பித்த பள்ளிகளின் நாய்களிடம் பயிற்சிக்குப் பின் பதற்ற ஹார்மோனான கார்ட்டிசாலின் அளவு கூடுதலாக உயர்ந்திருந்தது. பதற்றத்தின் அடையாளங்களும் மிகுதியாக இருந்தன. மின்னதிர்ச்சி தரும் ஷாக் காலரை வேல்ஸ் நாடு 2010-இலேயே தடை செய்துவிட்டது. அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, ஆக்ரோஷமான நாய்கள் உட்பட எல்லா நாய்களுக்கும் வெகுமதி வழிப் பயிற்சியையே பரிந்துரைக்கிறது.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சோக் செயின் வேலை செய்வதுபோலத் தெரியும். கழுத்தை இறுக்கினால் நாய் அந்தக் கணமே அடங்கும். அதனால்தான் அது இன்னும் விற்கிறது. மேலே சொன்ன ஆய்வுகளில் கணக்கெடுப்பு வகையானவை, தண்டனைதான் காரணம் என்பதை மட்டும் தனியே நிறுவுவதில்லை. முரட்டு நாய் வைத்திருப்பவர்களே அதிகம் அடித்திருக்கலாம் என்ற வாதத்துக்கு இடம் இருக்கிறது. ஆனால் வீரா வேறு நாயைக் காணும்போதெல்லாம் கழுத்து நெரிந்தால், மேலே சொன்ன பவ்லோவ் விதி எதிர்த்திசையில் வேலை செய்யும்: வேறு நாய் என்பது வலிக்கு முன்னறிவிப்பாகும். உறுமலை அடித்து நிறுத்துவது அதைவிட ஆபத்தானது. உறுமல் என்பது கடிக்கு முந்தைய எச்சரிக்கை. எச்சரிக்கையை மட்டும் அழித்துவிட்டு அச்சத்தை அப்படியே விட்டுவைத்தால், பிறகு முன்னறிவிப்பில்லாமல் கடிக்கும் நாய் கிடைக்கும். உங்கள் கையைக் கவ்வியதும் பெரும்பாலும் உங்கள் மேலுள்ள பகை அல்ல. எதிரே உள்ளதை எட்ட முடியாத வேகம் அருகில் கிடைத்ததன் மேல் திரும்பியது. அந்த நேரத்தில் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுப்பதை நிறுத்துங்கள். கழுத்துக்குப் பதில் உடலைச் சுற்றி மாட்டும், மார்பில் வளையமுள்ள நல்ல ஹார்னஸும் சுமார் இரண்டு மீட்டர் நீளமுள்ள சாதாரண லீஷும் போதும்.

செய்முறைக்கு வருவோம். முதல் வேலை, வீராவின் தூரத்தைக் கண்டுபிடிப்பது. வேறு நாயைப் பார்க்கிறான், காதை நிமிர்த்துகிறான், ஆனால் நீங்கள் கூப்பிட்டால் திரும்புகிறான், கொடுத்ததை மென்று சாப்பிடுகிறான் என்றால் அந்தத் தூரம் சரி. உணவைத் துப்புகிறான், அல்லது விரலையும் சேர்த்துப் பிடுங்குகிறான் என்றால் எல்லையை நெருங்கிவிட்டீர்கள். குரைத்துப் பாய்ந்துவிட்டால் அங்கே கற்பிக்க எதுவும் இல்லை. கடிந்துகொள்ளாமல் அவனை அழைத்துக்கொண்டு விலகிப் போவதுதான் ஒரே வேலை. சில நாய்களுக்கு இந்தத் தூரம் பத்து மீட்டராக இருக்கும், சிலவற்றுக்கு ஐம்பது மீட்டரும் போதாது. பைக்குக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று என்று தனித்தனியாகவும் இருக்கும். நின்றிருக்கும் பைக்கைவிட வேகமாக வருவதற்கு அதிகத் தூரம் வேண்டும்.

அந்தத் தூரத்தில் நின்றுகொண்டு, அவன் வேறு நாயைப் பார்த்த நொடியில் "சரி" என்று ஒரே மாதிரியான தொனியில் சொல்லி, உடனே ஒரு துண்டு கொடுங்கள். மறுபடியும் பார்த்தால் மறுபடியும் "சரி", மறுபடியும் துண்டு. வேறு நாய் மறைந்ததும் உணவும் நிற்க வேண்டும். "சரி" என்ற சொல்லுக்கு முன்னதாக வீட்டில் பொருள் ஏற்றிவிடுங்கள். சொல், துண்டு, சொல், துண்டு என்று இரண்டு மூன்று நாட்கள் சில நிமிடங்கள் செய்தால் போதும். சொல்லுக்குப் பதில் "கிளிக்" என்று ஒலிக்கும் சிறு கருவியான கிளிக்கர் வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் குறையில்லை. சில வாரங்களில் ஒரு மாற்றம் தெரியும்: வேறு நாயைப் பார்த்துவிட்டு, நீங்கள் சொல்வதற்கு முன்பே வீரா உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பான். அதைக் கண்ட பிறகே தூரத்தைக் குறைக்க வேண்டும், அதுவும் ஓரிரண்டு அடியாக. ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். நன்றாகப் போகிறதே என்று நீட்டினால் கடைசியில் ஒரு பாய்ச்சலோடு முடியும்.

உணவு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. வீட்டில் கிடைக்கும் சாதாரண பிஸ்கட்டுக்காகத் தெரு நாயை விட்டுத் திரும்ப எந்த நாயும் இணங்காது. உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழி, ஈரல், முட்டை, பனீர் ஆகியவற்றில் வீராவுக்கு எது உயிரோ அதைத் தெருவுக்கென்றே ஒதுக்குங்கள். துண்டு பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். ஒரு நாளைய மொத்த உணவுச் சத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இவை போகாமல் பார்த்துக்கொண்டு, அந்த அளவுக்குச் சாப்பாட்டைக் குறையுங்கள். வெங்காயம், திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் இனிப்பூட்டி கலந்த எதுவும் நாய்க்கு நஞ்சு. கருவாட்டின் மணம் நாய்க்குப் பிடிக்கும், ஆனால் அதிலுள்ள உப்பு ஆகாது.

இங்கே ஒரு சிக்கலை வெளிநாட்டு நூல்களோ காணொளிகளோ உங்களுக்குச் சொல்லித் தராது. அவை எழுதப்பட்ட ஊர்களில் எதிரே வரும் நாய் லீஷில் வரும். அதன் கையாளர் நின்றால் அதுவும் நிற்கும். மடிப்பாக்கத்தில் தெரு நாய் உங்களைத் தேடி வரும், நான்கு நாய்கள் சேர்ந்தும் வரும். குறுகிய தெருவில் ஐம்பது மீட்டருக்கு எங்கே போவது? எனவே பயிற்சியையும் உலாவையும் பிரித்துவிடுங்கள். பயிற்சிக்கு, தெரு நாய்களைத் தொலைவிலேயே பார்க்கக்கூடிய பரந்த மைதானமோ, மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரோ, காருக்குள் சாளரம் பாதி திறந்த இருக்கையோ தேவை. மாடியிலிருந்து கீழே தெருவைப் பார்ப்பது பல நாய்களுக்கு நல்ல தொடக்கம். சுவர் உயரமாக இருக்க வேண்டும், லீஷ் உங்கள் கையில் இருக்க வேண்டும். அன்றாட உலாவுக்கு, உங்கள் தெருவில் எந்தக் கூட்டம் எந்த வீட்டு வாசலைத் தன் எல்லையாக வைத்திருக்கிறது, எப்போது படுத்திருக்கிறது என்று ஒரு வாரம் வீரா இல்லாமல் நடந்து கவனியுங்கள். அவை ஓய்ந்து கிடக்கும் நேரம் பெரும்பாலும் நண்பகல். ஆனால் அப்போது தார்ச்சாலை நாயின் பாதத்தைப் பொசுக்கும், ஆகவே அந்த நேரம் வேண்டாம். சந்தடி அடங்கிய, உணவு வைப்பவர்கள் வராத நேரமாகத் தேர்ந்தெடுங்கள்.

அப்படியும் ஒரு தெரு நாய் நேரே வந்தால் இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று, "போலாம் வா" என்றதும் சட்டெனத் திரும்பி உங்களோடு வருவது. இதை வீட்டுக் கூடத்தில், பிறகு மாடிப்படியில், பிறகு ஆளில்லாத தெருவில் என்று தூண்டுதலே இல்லாத இடங்களில் நூற்றுக்கணக்கான முறை பழக்கியிருந்தால்தான் அவசரத்தில் உதவும். மற்றது, ஒரு கை நிறைய உலர் உணவை வரும் நாயின் முன்னால் தரையில் வீசிவிட்டு விலகுவது; பெரும்பாலான தெரு நாய்கள் பொறுக்கத் தொடங்கும், உங்களுக்கு அரை நிமிடம் கிடைக்கும். இதைத் தினமும் ஒரே இடத்தில் செய்தால் அந்த நாய் உங்களுக்காகவே காத்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

காலிங் பெல் சற்று எளிது, ஏனென்றால் அது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. முதலில், பழக்கம் மாறும் வரை பெல் அடிப்பதையே குறைத்துவிடுங்கள். உணவு கொண்டு வருபவர்களுக்கு "பெல் அடிக்க வேண்டாம், போன் செய்யுங்கள்" என்று செயலியிலேயே குறிப்பு எழுதலாம், கதவில் ஒரு சீட்டு ஒட்டலாம். பிறகு உங்கள் பெல்லின் ஒலியைக் கைபேசியில் பதிவு செய்து, வீரா காதை மட்டும் அசைக்கும் அளவு மெல்லிய ஒலியில் போட்டு, உடனே கதவுக்கு எதிர்மூலையில் விரித்த அவனது பாயில் சில துண்டுகளைத் தூவுங்கள். ஒலியை நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டி, பின்னர் வீட்டு ஆள் ஒருவரை உண்மையான பெல்லை அடிக்கச் செய்து, கடைசியில்தான் வெளியாளை வரச் செய்ய வேண்டும். பெல் கேட்டால் பாய்க்கு ஓடும் நாய் ஒரே நேரத்தில் கதவையும் முட்ட முடியாது. விருந்தினர் உள்ளே வரும்போது வீரா ஒரு கம்பிக் கதவுக்குப் பின்னாலோ வேறு அறையிலோ இருப்பதில் எந்த இழிவும் இல்லை. மேலே தாவுவதற்கு, நான்கு கால்களும் தரையில் இருக்கும்போது மட்டும் கவனிப்பு, தாவினால் முகம் திருப்புதல் என்பதே விதி. அது எல்லாரும் கடைப்பிடித்தால்தான் பலிக்கும். "பாவம், பாசத்துல ஏறுது" என்று ஒரே ஒரு சித்தப்பா கொஞ்சினால்கூட நாய்க்கு அது போதும். தொடக்கத்தில் தாவல் கொஞ்சம் கூடும். இதுவரை கிடைத்தது கிடைக்காதபோது எந்த உயிரும் முதலில் அதிகமாக முயலும்.

துறுதுறுப்பைப் பற்றி: பந்தை எறிந்து எறிந்து ஓடவிட்டுக் களைப்பாக்கினால் அடங்கும் என்று பலர் சொல்கிறார்கள். சில நாய்களுக்கு அது உண்மை. ஏற்கெனவே பதற்றமுள்ள நாய்களில் பலவற்றுக்கு அது பதற்றத்தை ஏற்றுவதையே நான் பார்த்திருக்கிறேன், ஆனால் இது ஆய்வு முடிவன்று, என் அனுபவம் மட்டுமே. மோப்பத்துக்கு இதைவிட நல்ல சான்று உண்டு. இரண்டு வாரம் மோப்ப விளையாட்டு பழகிய நாய்கள் நிச்சயமற்ற சூழலை மேலும் நம்பிக்கையோடு அணுகியதாக ஷார்லட் டுரான்டன், அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் ஆகியோர் 2019-இல் எழுதினார்கள். செலவும் இல்லை: பழைய துண்டில் உலர் உணவைத் தூவிச் சுருட்டிக் கொடுங்கள், அட்டைப் பெட்டியில் காகிதத்துக்கு நடுவே ஒளித்து வையுங்கள். வெளியே நடக்கும்போதும் அவன் மோந்து நிற்கும் இடத்தில் அவசரப்படுத்தாமல் நில்லுங்கள். பகலில் யாரும் தொந்தரவு செய்யாத ஓர் உறங்கும் இடமும் அவனுக்கு வேண்டும்; தெருவை நோக்கிய பால்கனியில் நாள் முழுவதும் காவல் இருக்கும் நாய் உறங்குவதில்லை, குரைக்கத்தான் பழகும்.

இனி ஐயத்துக்குரியவை. காயடித்தால் அடங்கிவிடும் என்பார்கள். திரிவதும் சிறுநீரால் எல்லை குறிப்பதும் குறையலாம், ஆனால் அச்சத்தால் எழும் ஆக்ரோஷத்தில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, சிலவற்றில் அச்சம் கூடியதாகவும் வந்திருக்கிறது. எனவே வேறு காரணங்களுக்காகச் செய்யலாம், இதற்கு மருந்தாக எண்ணிச் செய்யாதீர்கள். ஒரு பாய்ச்சலுக்குப் பிறகு பதற்ற ஹார்மோன் இறங்க 72 மணி நேரம் ஆகும் என்று இணையத்தில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். ரத்தத்தில் கார்ட்டிசால் சில மணி நேரத்திலேயே இறங்கிவிடும்; ஆயினும் மோசமான நாளுக்கு அடுத்த நாள் நாய் சிறியதற்கும் வெடிப்பதைப் பலரும் கண்டிருக்கிறோம், ஆகவே அந்த எண்ணை நம்பாமல், அடுத்த நாள் ஓய்வு கொடுக்கும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அமைதிப்படுத்தும் பொடிகள், மணம் பரப்பும் கருவிகள் ஆகியவற்றுக்கான சான்று கலவையானது. மருந்து அப்படியல்ல. தனியே விட்டால் பதறும், அதாவது பிரிவுப் பதற்றமுள்ள நாய்களுக்கு ஃப்ளூவாக்ஸெட்டின் மருந்தை அமெரிக்க அரசு 2007-இல் ஏற்றது. பொதுவான அச்சத்துக்கும் கால்நடை மருத்துவர்கள் அதைத் தருகிறார்கள். எந்தத் தூரத்திலும் உணவு எடுக்க முடியாத நாய்க்கு மருந்து கற்றலுக்கு வழிவிடும், நாயை மந்தமாக்குவது அதன் நோக்கம் இல்லை. வீட்டில் மனிதருக்கு வாங்கிய மாத்திரையை நீங்களாக உடைத்துக் கொடுக்க மட்டும் வேண்டாம்.

எவ்வளவு காலம் ஆகும் என்று நிச்சயம் கேட்பீர்கள். பெல்லுக்கு வாரங்கள், தெருவுக்கு மாதங்கள் என்பதுதான் நான் சொல்லக்கூடியது. இடையில் தீபாவளி வெடியோ ஒரு தெருச் சண்டையோ வந்தால் பழைய தூரத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும். ஏழு நாளில் திருத்தித் தருவதாகவோ, நீங்கள் பார்க்காத இடத்தில் நாயை வைத்துப் பழக்குவதாகவோ சொல்பவரிடம் விடாதீர்கள். பயிற்சியாளரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "என் நாய் தவறு செய்தால் அதற்கு என்ன நடக்கும்?" பதிலில் வலி இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஒரு முறை கவ்வியிருப்பதால் பாதுகாப்பையும் சொல்லிவிட வேண்டும். வாய் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் தரும் கூடை வடிவ வாய்மூடியை வாங்கி, அதற்குள் கோழித் துண்டை வைத்து அவனாகவே மூக்கை நுழைக்கப் பல நாள் பழக்குங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை நம் வெயிலுக்கு ஆபத்து. சிறு குழந்தைகளோடு அவனைத் தனியே விடாதீர்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறக் கூடாது. யாருக்காவது பல் பதிந்தால், சொந்த நாய்தானே என்று விடாமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏற்கெனவே கவ்விய அந்த ஒரு தடவை தோல் கிழிந்திருந்து நீங்கள் ஊசி போடாமல் இருந்தால், எவ்வளவு நாளாகியிருந்தாலும் இப்போதே மருத்துவரிடம் கேளுங்கள்.

இதற்கு மேல் சொல்ல எனக்கு இரண்டு விவரங்கள் தேவை: எதிர் நாய் விலகிப் போகும்போது வீரா தளர்கிறானா, பின்னால் இழுக்கிறானா என்பது ஒன்று, எவ்வளவு தூரத்தில் அவன் உணவை மறுக்கிறான் என்பது மற்றொன்று. அவனைச் சீண்டி எடுத்த காணொளி வேண்டாம். இயல்பாகப் பார்த்ததை எழுதுங்கள், அச்சமா ஆசையா என்பதைப் பொறுத்துப் பயிற்சியில் சில மாற்றங்கள் சொல்ல முடியும்.